மாடித் தளத்துக்கு மர ட்ரஸ்: சிட்னியில் சொந்தமாக வீடு கட்டுவோர் வரைபடத்திலேயே முடிவு செய்ய வேண்டியவை

ஆஸ்திரேலியப் புறநகர்களில் எழும் இரண்டடுக்கு வீடுகளில் பெரும்பாலும் கீழ்த்தளம் மட்டுமே கான்கிரீட்டாக இருக்கும்; அதற்கு மேல் வரும் சுவர்ச் சட்டகம், மாடித் தளம், கூரை ஆகிய மூன்றும் மரத்தால் ஆனவை. கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றிய மாடியில் நடந்து வளர்ந்த நம்மவர்களுக்கு இது முதலில் ஐயத்தைத் தரும். மேல்மாடி ஆடுமா, குளியலறைத் தண்ணீர் கசிந்தால் மரம் உளுத்துப்போகுமா என்ற கேள்விகள் பில்டரிடம் போகும் முதல் சந்திப்பிலேயே எழுகின்றன. இவற்றுக்கான விடை மரம் என்ற பொருளைவிட, அந்தத் தளம் எந்த முறையில் வடிவமைக்கப்பட்டது, யாரிடம் என்ன விவரம் எப்போது சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

மாடித் தளத்தைத் தாங்க மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. முழு மரத்தாலோ ஒட்டுப்பலகை மரத்தாலோ ஆன ஜாயிஸ்ட்களை, அதாவது தளத்தைத் தாங்கும் நீண்ட கட்டைகளை, வரிசையாக அடுக்குவது ஒன்று. நடுவில் மெல்லிய பலகையும் மேலும் கீழும் கட்டையும் கொண்ட ஐ-வடிவ ஜாயிஸ்ட் இன்னொன்று. மூன்றாவதுதான் ஃப்ளோர் ட்ரஸ். இரண்டு மரக்கட்டைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, இணையாக, தட்டையாகப் படுத்திருக்க, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து செல்லும் எஃகுத் தகடுகள் இரு பக்கமும் பற்களால் மரத்தில் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். மைடெக் நிறுவனத்தின் போசி-ஸ்ட்ரட், ப்ரைடா நிறுவனத்தின் ஸ்பான் ஆகியவை இங்கே அதிகம் காதில் விழும் பெயர்கள். உயரம் ஏறத்தாழ 200, 250, 300, 400 மி.மீ. என்ற படிகளில் கிடைக்கும். மரம் பெரும்பாலும் ரேடியாட்டா பைன். இயந்திரத்தில் வளைத்துச் சோதித்து எம்.ஜி.பி. 10, எம்.ஜி.பி. 12 என்று தரம் குறித்திருப்பார்கள். பற்களுள்ள தகட்டை மரத்தில் அழுத்திப் பிணைக்கும் இந்த உத்தி 1950களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கூரை ட்ரஸ்களுக்காக உருவாகி, பிறகு தளத்துக்கும் வந்தது.

ட்ரஸின் பலமும் அதன் கட்டுப்பாடும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன. ஒவ்வொரு ட்ரஸும் உங்கள் வீட்டுக்கென்று, குறிப்பிட்ட நீளத்துக்கும் குறிப்பிட்ட சுமைக்கும் கணினியில் கணக்கிட்டுத் தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. அதனால் குறைந்த மரத்தில் நீண்ட இடைவெளியைத் தாண்டுகிறது. நடுவே திறந்த இடம் இருப்பதால் குழாயும் ஏசி குழலும் உள்ளேயே ஓடுகின்றன. அதே காரணத்தால், வேலை நடக்கும் இடத்தில் அதை வெட்டவோ, துளைக்கவோ, இடம் மாற்றவோ முடியாது. சாதாரண ஜாயிஸ்ட் தளத்தில் தச்சர் வந்த பிறகு பேசித் தீர்க்கக்கூடிய பலவற்றை, ட்ரஸ் தளத்தில் வரைபடம் முடியும் முன்பே தீர்த்தாக வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தத் தீர்மானங்களைப் பற்றியதே.

எந்த வீட்டுக்குப் பொருந்தும்

கீழே தூண் இல்லாத பெரிய கூடம் வேண்டும், அதன் மேலே படுக்கையறைகள் வரவேண்டும், மையக் குழல் ஏசி போடவேண்டும் என்றால் ட்ரஸ் சரியான தேர்வு. பிறந்தநாள், நவராத்திரி, வளைகாப்பு என்று நாற்பது ஐம்பது பேர் கூடும் குடும்பங்கள் கேட்பது பெரும்பாலும் இத்தகைய கூடத்தைத்தான். ஐ-வடிவ ஜாயிஸ்ட்டில் நடுப்பலகையில் துளையிடலாம் என்றாலும், துளையின் அளவுக்கும் இடத்துக்கும் தயாரிப்பாளரின் அட்டவணை கடுமையான வரம்பு வைத்திருக்கும். பெரிய ஏசி குழலுக்கு அது பெரும்பாலும் இடம் தராது. அப்போது உட்கூரைக்குக் கீழே பெட்டி கட்டி மறைக்க நேரும், கூடத்தின் அழகும் உயரமும் குறையும்.

மாறாக, கீழே சிறுசிறு அறைகளாக, மூன்று மூன்றரை மீட்டருக்கு ஒரு தாங்கு சுவர் இருக்கும் வீட்டுக்கு ட்ரஸ் வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. பழைய வீட்டின் மேல் மாடி எழுப்புவோரும் நிதானிக்க வேண்டும். பழைய சுவர்கள் மூலைமட்டத்துக்கு இருப்பதில்லை. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே சில சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தால், வெட்டிப் பொருத்தக்கூடிய ஜாயிஸ்ட்டே நிம்மதி. அங்கும் ட்ரஸ்தான் வேண்டும் என்றால், வரைபட அளவை நம்பாமல் நேரில் அளந்த பிறகே செய்யச் சொல்லுங்கள். முனையில் சிறிது வெட்டிக்கொள்ள இடம் விட்டுச் செய்யும் வகைகளும் உண்டு.

விலையை ஒப்பிடும்போது ட்ரஸ் ஒன்றின் விலையையும் ஜாயிஸ்ட் ஒன்றின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தவறான கணக்கு. தாங்கு விட்டங்கள் எத்தனை குறைகின்றன, தச்சரின் கூலி எவ்வளவு, ப்ளம்பரும் ஏசிக்காரரும் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பவற்றைச் சேர்த்து, முடிந்த தளத்துக்கான மொத்தத் தொகையைப் பில்டரிடம் இரு முறைக்கும் தனித்தனியே கேளுங்கள்.

உயரக் கணக்கு

ட்ரஸின் உயரத்தைக் கூட்டினால் தளம் விறைப்பாகும், குழாய்க்கு இடம் கிடைக்கும். ஆனால் அந்த உயரம் படிக்கட்டில் போய் இடிக்கும். ஆஸ்திரேலியக் கட்டுமான விதிகளின்படி வீட்டுப் படி ஒன்றின் ஏற்றம் 190 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கீழ்த்தள உட்கூரை 2,700 மி.மீ., உட்கூரையை மூடும் ஜிப்ராக் என்னும் ஜிப்சம் பலகை 10, ட்ரஸ் 300, தளப்பலகை 19 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 3,029 மி.மீ. பதினாறு ஏற்றங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 189.3, விதிக்குள் அடங்கிவிட்டது என்று படிக்கட்டு வரைந்துவிடுவார்கள். பிறகு வீட்டுக்காரர் மாடி நடைக்கூடத்துக்கு மரப்பலகையோ டைலோ தேர்ந்தெடுக்கிறார். பசையோடு சேர்த்து 15 மி.மீ. கூடுகிறது. இப்போது 3,044 மி.மீ.; பதினாறால் வகுத்தால் 190-ஐத் தாண்டுகிறது. பதினேழாவது ஏற்றம் தேவைப்படுகிறது. கடைசி ஏற்றம் மாடித் தளத்திலேயே முடிவதால், கால் வைக்கும் படிகள் ஏற்றங்களைவிட ஒன்று குறைவு. அப்படி ஒரு படியின் அகலம் 250 மி.மீ. என்றால் படிக்கட்டின் நீளம் 3,750-லிருந்து 4,000 மி.மீ. ஆகிறது, அதற்கேற்ப மாடியில் விடும் திறப்பும் நீள வேண்டும். படியின் மேல் நடப்பவருக்கு 2,000 மி.மீ. தலையுயரம் எங்கும் குறையக் கூடாது என்பதால், திறப்பைச் சற்று நெருக்கி ஒப்பேற்றவும் முடியாது. திறப்பைச் சுற்றியுள்ள ட்ரஸ்கள் அதற்குள் தொழிற்சாலையில் தயாராகியிருந்தால், அந்தப் பதினைந்து மில்லிமீட்டரின் விலை மிகப் பெரியதாகிவிடும்.

ஆகவே மாடித் தளத்தின் மேற்பரப்பு என்ன, எத்தனை மி.மீ. தடிமன் என்பதை ட்ரஸ் உயரத்தோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். 400 மி.மீ. ட்ரஸுக்குப் போகும் எண்ணமிருந்தால், முதலிலேயே பதினேழு ஏற்றங்களுக்கு இடம் ஒதுக்குங்கள். இன்னொரு வரம்பும் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் கவுன்சிலின் முழு அனுமதிக்குப் போகாமல், விதிகளுக்கு இணங்கிய விரைவு அனுமதியில் கட்டும் வீட்டின் மொத்த உயரம் 8.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. சரிவான நிலத்தில் இரண்டு தளங்களுக்கும் உயர்ந்த உட்கூரை கேட்பவர்களுக்கு, ட்ரஸில் கூட்டும் நூறு மில்லிமீட்டர் கூரையின் சாய்வைக் குறைக்க வைக்கலாம்.

குளியலறையும் கழிவுக் குழாயும்

மாடித் தளத்தில் பிழை நேரும் இடம் பெரும்பாலும் குளியலறையின் அடியில்தான். ஏசி குழலை வளைத்துக்கொண்டு போகலாம், மின்கம்பியை எங்கும் இழுக்கலாம். கழிவுக் குழாய் மட்டும் சரிந்தே ஓட வேண்டும். 100 மி.மீ. என்று சொல்லப்படும் குழாயின் வெளிவிட்டம் 110 மி.மீ. அது 60-க்கு 1 என்ற அளவில் சரிய வேண்டும். கழிப்பறையிலிருந்து இறங்கு குழாய் வரை 4 மீட்டர் என்றால் சரிவு மட்டும் 67 மி.மீ.; குழாயோடு சேர்த்து 177 மி.மீ. உயரம் தேவை. 300 மி.மீ. ட்ரஸில் மேலும் கீழும் 45 மி.மீ. கட்டைகள் போக உள்ளே 210 மி.மீ. இருக்கிறது, அடங்கும். 250 மி.மீ. ட்ரஸில் 160 மி.மீ.தான், அடங்காது. தூரம் 6 மீட்டர் ஆனால் சரிவு 100 மி.மீ. ஆகி, 300 மி.மீ. ட்ரஸிலும் மூச்சுவிட இடமிருக்காது.

இந்தக் கணக்கு நம் வீடுகளில் ஏன் முக்கியமாகிறது என்றால், பூஜையறைக்கு மேலேயும் சமையலறைக்கு மேலேயும் கழிப்பறை வரக் கூடாது என்று பல குடும்பங்கள் கேட்கின்றன. ஆர்க்கிடெக்ட்டும் குளியலறையை அப்பால் நகர்த்திவிடுகிறார். ஆனால் இறங்கு குழாய் பழைய இடத்திலேயே நின்றுவிட்டால், இடையில் ஓடவேண்டிய தூரம் இரட்டிப்பாகிவிடும். குளியலறையை நகர்த்தும்போது, அதன் நேர் கீழே இறங்கு குழாயை மறைக்க ஓர் அலமாரியின் மூலையோ துணி துவைக்கும் அறையின் சுவரோ இருக்கிறதா என்று அதே நாளில் பாருங்கள். பூஜையறையின் உட்கூரைக்குள் குழாய் குறுக்கே போகக் கூடாது என்பதும் உங்கள் விருப்பமானால், அதையும் எழுத்தில் கொடுங்கள். வரைபவருக்கு அது தானாகத் தெரிந்திருக்காது.

குழாய் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ட்ரஸ்களுக்கு இணையாக, இரண்டுக்கும் நடுவில் ஓடினால் முழு உயரமும் கிடைக்கும். குறுக்கே ஓடும்போது எஃகுத் தகடுகளுக்கிடையேயுள்ள முக்கோணங்களின் வழியே நுழைய வேண்டும். முக்கோணத்தின் மூலையில் தடித்த குழாய் நுழையாது, சரிந்துகொண்டே போகும் குழாயோ ஒவ்வொரு ட்ரஸிலும் ஒவ்வோர் உயரத்தில் வந்து நிற்கும். எனவே ட்ரஸ்களை எந்தத் திசையில் பரப்புவது என்பதைக் கழிவுக் குழாயை மனத்தில் வைத்துத் தீர்மானிப்பது நல்லது. பெரிய ஏசி குழல் குறுக்கே போயே ஆகவேண்டுமென்றால், ட்ரஸின் நடுப்பகுதியில் குறுக்குத் தகடு இல்லாத அகன்ற திறப்பு ஒன்றை வடிவமைப்பிலேயே கேட்கலாம். நடுவில் கேட்பதற்குக் காரணம் உண்டு: பரப்பிய சுமையில் குறுக்குத் தகடுகளின் மேல் விழும் விசை முனைகளில் அதிகம், நடுவில் குறைவு.

இன்னும் நெருங்கிப் பார்த்தால், கழிப்பறைக் கிண்ணத்தின் மையம் ட்ரஸின் நேர் மேலே வந்துவிடக் கூடாது. ட்ரஸின் மேல்கட்டை பெரும்பாலும் 90 மி.மீ. அகலம், குழாய் 110 மி.மீ.; இரண்டின் மையக் கோடுகளுக்கும் இடையே 100 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் குழாய் கட்டையில் மோதும். ஷவரின் தரை வடிகாலுக்கும் இதே கணக்குத்தான். ட்ரஸ்கள் 450 மி.மீ. இடைவெளியில் வருவதால், ஒன்றைச் சற்று விலக்கி வைத்து அருகில் இன்னொன்றைச் சேர்ப்பது வரைபடத்தில் ஐந்து நிமிட வேலை. தச்சர் ட்ரஸை நிறுத்தித் தளப்பலகையும் அடித்த பிறகு ப்ளம்பர் வந்து பார்த்தால், அவர் கையில் இருப்பது ரம்பம். கிண்ணம், ஷவர், குளியல்தொட்டி ஆகியவற்றின் மாடல் எண்ணும், சுவரிலிருந்து வடிகால் மையம் எத்தனை மி.மீ. என்ற அளவும் ட்ரஸ் தொழிற்சாலைக்குப் போகும் முன்பே உங்களிடம் இருக்க வேண்டும்.

குளியலறைத் தளம் நடைக்கூடத்தோடு படியில்லாமல் சமமாக முடியவேண்டுமென்றால், டைலுக்கு அடியிலுள்ள தளத்தைத் தாழ்த்த வேண்டும். தரை வடிகாலுக்குச் சரிவு 80-க்கு 1 முதல் 50-க்கு 1 வரை இருக்கவேண்டும் என்பது விதி. அந்தச் சரிவைக் கொடுக்கும் சிமெண்டுப் படுகையும், நீர்த்தடைப் பூச்சும், டைலும் சேர்ந்து கணிசமான தடிமன் ஆகும். 300 மி.மீ. ட்ரஸ்களுக்கு அருகே குளியலறைக்கு மட்டும் 250 மி.மீ. ட்ரஸ்களைப் போட்டு 50 மி.மீ. தாழ்த்துவது எளிய வழி. கீழே உட்கூரை ஒரே மட்டமாக இருக்கும். இதில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது: தாழ்த்த வேண்டிய இடமும் குழாய்கள் நெருங்கிய இடமும் ஒன்றே. அந்தப் பகுதிக்குள் குழாய் குறுகிய தூரமே ஓடி, உடனே இறங்கும்படி அமைத்தால்தான் இந்த வழி பலிக்கும்.

சுமையும் அதிர்வும்

வீட்டுத் தளத்துக்கு ஆஸ்திரேலியத் தர நிர்ணயம் வைக்கும் பயன்பாட்டுச் சுமை 1.5 கிலோபாஸ்கல், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஆட்களும் கட்டிலும் மேசையும் இதற்குள் அடங்கிவிடும். தரையோடு நிலையாக இருப்பவை தனிக் கணக்கு. 40 மி.மீ. சிமெண்டுப் படுகையும் டைலும் சேர்ந்தாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ வரை வரும் என்பதால், எந்த அறைக்கு டைல் என்பதை வடிவமைப்பவர் அறிந்திருக்க வேண்டும். 400 லிட்டர் மீன்தொட்டியில் தண்ணீர் மட்டும் 400 கிலோ, அதுவும் ஒரு சதுர மீட்டருக்கும் குறைந்த இடத்தில். சுவர் முழுக்கப் புத்தக அலமாரி, கல்லால் ஆன குளியல்தொட்டி, கருங்கல் பீடம் வைத்த மாடிப் பூஜையறை ஆகிய ஒவ்வொன்றையும் வரைபடத்தில் இடம் குறித்து, எடையும் எழுதிக் கொடுங்கள். அந்த இடத்தில் ட்ரஸை இரட்டிப்பது அப்போது சிறிய செலவு.

கூடத்தில் ஊஞ்சல் மாட்டும் ஆசை இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். ட்ரஸின் கீழ்கட்டை உட்கூரைப் பலகையின் எடையைத் தாங்கக் கணக்கிடப்பட்டது. தட்டையாகப் படுத்திருக்கும் 45 மி.மீ. கட்டையில் கொக்கியைத் திருகி, இருவர் உட்கார்ந்து ஆடும் பலகையைத் தொங்கவிடுவது ஆபத்து. ஊஞ்சலின் நான்கு சங்கிலிகளும் வரும் இடத்தைக் குறித்துக் கொடுத்தால், ட்ரஸ்களுக்கிடையே தனி விட்டம் ஒன்றை இன்ஜினியர் சேர்த்துவிடுவார். உட்கூரை மின்விசிறிக்கும் குறுக்குக்கட்டை வேண்டும், ஆனால் அது சிறிய வேலை.

அதிர்வு என்பது வலிமையிலிருந்து வேறானது. முழுக்கப் பாதுகாப்பான தளமும் நடக்கும்போது கண்ணாடி அலமாரியைக் கலகலக்க வைக்கலாம். மரத் தளங்களுக்கான கணக்கில் பயன்பாட்டுச் சுமையில் தாழ்வு, இடைவெளியின் 360-இல் ஒரு பங்குக்கும் 9 மி.மீ.க்கும் மிகக் கூடாது என்றும், நடுவில் ஏறத்தாழ 100 கிலோ எடை நின்றால் 2 மி.மீ.க்கு மேல் தாழக் கூடாது என்றும் பார்ப்பார்கள். இவை குறைந்தபட்ச அளவுகள். மாடியில் பிள்ளைகள் பரதநாட்டியம் பழகுவார்கள் என்றால் அது வெறும் நடையல்ல. தட்டடவு ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப விழும்போது தளம் அந்தத் தாளத்துக்கு எதிரொலிக்கத் தொடங்கலாம். அந்த அறைக்கு ட்ரஸ் இடைவெளியை 450-லிருந்து 300 மி.மீ.க்குக் குறைக்கவோ, ஒரு படி உயரமான ட்ரஸைப் போடவோ கேளுங்கள். அதோடு ட்ரஸ் வந்து அமரும் எஃகு விட்டத்தையும் விசாரியுங்கள். விட்டம் இளக்கமாக இருந்தால் மேலே எவ்வளவு விறைப்பான ட்ரஸைப் போட்டாலும் தளம் துள்ளும். வடிவமைப்பு மென்பொருள் காட்டும் எல்லைக்குள் விளிம்பில் நிற்கும் ட்ரஸை ஏற்பதைவிட, ஒரு படி தாராளமாக வாங்குவதே என் பரிந்துரை. வீட்டின் மொத்தச் செலவில் அந்த வேறுபாடு சிறியது, பிற்பாடு அதைச் சரிசெய்வதோ உட்கூரையைப் பிரித்தால்தான் முடியும்.

ஒலியைப் பொறுத்தவரை, ஒரே குடும்பம் வாழும் வீட்டின் இரு தளங்களுக்கிடையே விதி எதையும் வற்புறுத்துவதில்லை. கீழே தாத்தா பாட்டிக்கு அறை இருந்தால் நீங்களாகக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். ட்ரஸ்களுக்கிடையே ஒலி உறிஞ்சும் பஞ்சு, ஜிப்ராக்கைத் தாங்கும் சட்டத்துக்கு ரப்பர் வைத்த கவ்விகள், கழிவுக் குழாயின் மேல் கனமான வினைல் உறை ஆகிய மூன்றும் போதும். பஞ்சு மட்டும் போட்டால் பேச்சொலி குறையும், காலடி ஒலி குறையாது.

தொழிற்சாலைக்குப் போகும் முன்

ட்ரஸ் செய்யும் தொழிற்சாலை, தளம் முழுவதற்கும் ஓர் அடுக்கு வரைபடத்தைத் தரும். ஒவ்வொரு ட்ரஸுக்கும் எண், நீளம், அது அமரும் இடம், எந்தச் சுவர் தாங்கு சுவர் என்பவை அதில் இருக்கும். பில்டர் கையெழுத்திடும் முன் ஒரு பிரதியை வாங்கி, ப்ளம்பர், ஏசிக்காரர், படிக்கட்டு செய்பவர் ஆகியோரின் வரைபடங்களோடு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக ஒவ்வொருவரும் தத்தம் தாளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மோதல் எல்லாம் தாள்களுக்கு இடையில்தான் இருக்கிறது. மேல்மாடிச் சுவர் கூரையின் சுமையைத் தாங்குவதாக இருந்தால், அந்தச் சுமை ட்ரஸின் முனை வழியே கீழ்ச்சுவருக்கு இறங்கும். அங்கே மேல்கட்டைக்கும் கீழ்கட்டைக்கும் நடுவே செங்குத்தான கட்டை வைத்து வழிசெய்திருக்கிறதா என்று இன்ஜினியர் உறுதி செய்ய வேண்டும். கீழ்ச்சுவர் நேர் கீழே இல்லாமல் தள்ளியிருந்தால் அது தனிக் கணக்கு. பால்கனிக்காக ட்ரஸை வெளியே நீட்டும் எண்ணம் இருந்தால், மழையில் நனையும் மரத்துக்கு வேறு பதப்படுத்தல் வேண்டும் என்பதையும் அதே கூட்டத்தில் பேசுங்கள். பால்கனியை ட்ரஸிலிருந்து பிரித்துத் தனிச் சட்டகமாகக் கட்டுவதை நான் விரும்புவேன், ஏனெனில் தண்ணீர் உள்ளே வர ஒரு பாதை குறைகிறது.

சிட்னியில் கரையான் உண்டு. உள்மரத்துக்கு எச்2எஃப் என்று குறிக்கப்படும் பதப்படுத்தலைக் கேட்டு வாங்குங்கள். நீலச் சாயம் தோய்ந்த பைன் மரம் பெரும்பாலும் இதுவே. இது கரையானுக்கு எதிரான காப்பு மட்டும். ஈரத்தால் வரும் உளுப்பைத் தடுக்காது. ஆகவே குளியலறை நீர்த்தடைப் பூச்சில் சிக்கனம் பார்க்க இடமே இல்லை.

நிறுத்தும் வேலை

லாரியில் வரும் ட்ரஸ்களை மண்ணில் போடாமல் கட்டைகளின் மேல் அடுக்கி, மேலே மூடி, பக்கங்களில் காற்றோட விட வேண்டும். மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒன்றுபோலத் தோன்றுவதால் தலைகீழாக நிறுத்திவிடுவது நடக்கக்கூடியது. ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தே ஏற்ற வேண்டும். நடுவில் ஒரு தாங்கு சுவரின் மேல் அமரும் நீண்ட ட்ரஸில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் சுவர் வரும் புள்ளியில் உள்ளே செங்குத்துக்கட்டை இருக்கும்படி செய்திருப்பார்கள். ஒரு சாண் தள்ளி நின்றால் கீழ்கட்டை வெறுமையில் நொறுங்கும்.

தளப்பலகை அடிக்கும் வரை ட்ரஸ்கள் பக்கவாட்டில் சாயக்கூடியவை. தற்காலிகக் குறுக்குக்கட்டைகளால் ஒன்றோடொன்று பிணைக்காமல் அவற்றின் மேல் ஆள் ஏறக் கூடாது, தளப்பலகைக் கட்டுகளை இறக்கவும் கூடாது. 19 மி.மீ. தடித்த, 3.6 மீட்டர் நீளமுள்ள ஒரு பலகையே ஏறத்தாழ 40 கிலோ; கட்டுக்கட்டாகக் கிரேனில் இறக்கினால் ஓரிடத்தில் டன் கணக்கில் விழும். ட்ரஸ்கள் நிமிர்ந்து நேராக நின்றதும், நீண்ட பரப்புகளில் நடுவே செங்குத்தாக நிறுத்திய ஒரு பலகையை எல்லா ட்ரஸ்களின் வழியாகவும் ஊடுருவவிட்டு, ஒவ்வொன்றிலும் திருகுவார்கள். ஸ்ட்ராங்பேக் என்று சொல்லப்படும் இது, ஓர் ஆளின் எடையை ஒரே ட்ரஸ் தாங்காமல் அக்கம்பக்கத்தவை பகிர்ந்துகொள்ள வைக்கிறது. தளம் துள்ளுவதாகப் புகார் வரும்போது முதலில் தேட வேண்டியது இதைத்தான். போட மறந்திருப்பார்கள், அல்லது ஏசிக்காரர் வழியை மறிக்கிறது என்று வெட்டியிருப்பார்.

தளப்பலகைகளை விளிம்பில் ஒன்றோடொன்று கோக்கும் நாக்கின் நிறத்தை வைத்து அழைப்பார்கள்: 450 மி.மீ. இடைவெளிக்கு மஞ்சள் நாக்குப் பலகை 19 மி.மீ., 600 மி.மீ. இடைவெளிக்குச் சிவப்பு நாக்குப் பலகை 22 மி.மீ. என்பது வழக்கம். ஒவ்வொரு ட்ரஸின் மேலும் பசை தடவி, அது காயும் முன் பலகையை வைத்துத் திருகாணி இறக்க வேண்டும். ஆணி மட்டும் அடித்த தளம் சில ஆண்டுகளில் கிறீச்சிடத் தொடங்கும். நனைந்த மேல்கட்டையில் பசை ஒட்டாது. மழை பெய்த மறுநாள் காலையில் அவசரப்படுத்தாதீர்கள்.

பிறகு ப்ளம்பரும் எலெக்ட்ரீஷியனும் ஏசிக்காரரும் உள்ளே வருவார்கள். மேல்கட்டையிலும் கீழ்கட்டையிலும் வெட்டோ துளையோ கூடாது, எஃகுத் தகட்டைத் தொடவே கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது நல்லது. யாரேனும் வெட்டிவிட்டால் பக்கத்தில் ஒரு கட்டையை ஆணியடித்து மூடவிடாதீர்கள். படமெடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினால், அங்குள்ள இன்ஜினியர் பழுதுபார்க்கும் முறையை வரைந்து கையெழுத்திட்டுத் தருவார். அதன்படி செய்தால்தான் சான்றிதழ் செல்லும். நியூ சவுத் வேல்ஸில் சட்டகம் மூடப்படும் முன், கட்டுமானம் விதிப்படி இருக்கிறதா என்று சான்றளிக்கும் சர்டிஃபையரின் ஆய்வு கட்டாயம். அந்த ஆய்வு நடக்கும் நேரத்தில் குழாய் வேலை முடிந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் வெட்டுகள் குழாய் வேலையின்போதுதான் விழுகின்றன. முடியவில்லை என்றால், ஜிப்ராக் ஏறும் முன் தனிப்பட்ட ஆய்வாளர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்துக் காட்டுவது பயனுள்ள செலவு.

திறந்த ட்ரஸ் தளத்தில் தீயும் புகையும் முழுத் தளத்தின் உள்வெளியிலும் பரவும், மெல்லிய எஃகுத் தகடுகள் சூட்டில் விரைவில் வலுவிழக்கும். எனவே ஒவ்வொரு தளத்திலும் மின்னிணைப்பில் இயங்கும், ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும் புகை எச்சரிக்கைக் கருவிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று வீட்டை ஒப்புக்கொள்ளும் நாளில் அழுத்திப் பார்க்கவும்.

ஜிப்ராக் ஏறும் முன், ஒவ்வோர் அறையிலும் உட்கூரையை அளவுநாடாவோடு சேர்த்துப் படமெடுத்து, ட்ரஸ் அடுக்கு வரைபடத்தோடும் இன்ஜினியரின் சான்றிதழோடும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். பத்தாண்டு கழித்து ஊஞ்சல் கொக்கிக்கோ புதிய விளக்குக்கோ இடம் தேடும் தச்சருக்கும், குழாய்க் கசிவைத் தேடி வரும் ப்ளம்பருக்கும் முதலில் காட்ட வேண்டிய தாள்கள் அவையே.